சிரித்த அச்சு

மியோங் ஹேரான் பதினோரு ஆண்டுகளில் ஏழு படங்களைத் தயாரித்திருந்தாள். அவற்றில் ஒன்றுகூடப் படமாக்கப்படவில்லை.

ஏழுக்கும் ஒப்பந்தம் உண்டு. மேசைமேல் இரண்டு மூன்று நாட்டுக் கொடிகளை நட்டுவைத்து, எல்லாரும் கைகுலுக்கி எடுத்துக்கொண்ட புகைப்படம் உண்டு. கேமரா மட்டும் ஓடியதில்லை. ஒன்றில் கதாநாயகன் ராணுவச் சேவைக்குப் போய்விட்டான். ஒன்றில் படப்பிடிப்புக்கு முந்தைய வாரம் இரண்டு அரசாங்கங்கள் முறைத்துக்கொண்டன. மற்றவை, மூன்று மொழியிலும் திருத்தித் திருத்தியே மூச்சை விட்டன. கொரியாவின் பூசான் நகரத்து அக்டோபர் திரைப்பட விழாவுக்கு வருகிறவர்கள் நடுவில் அவளுக்கு 'ஒப்பந்தம்மா' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. லைட் பிரிவுத் தலைவர் மா கிதெக் மட்டும் நேரேயே சொல்வார்.

எட்டாவது படம் எழுபதுகளின் கடத்தல் கப்பல் ஒன்றைப் பற்றியது. கொரியப் பணம் பாதி, ஹாங்காங் பணம் கால், ஜப்பான் பணம் கால். ஒவ்வொரு பணமும் தன் காட்சியைக் கையோடு அழைத்து வந்தது. கடத்தல்காரர்கள் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் ஒரு வெந்நீர் ஊற்றில் இறங்கிக் குளித்தார்கள், ஏனென்றால் ஊற்று இருக்கும் ஊரின் நகரசபை உதவித்தொகை கொடுத்திருந்தது. இயக்குநர் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, துப்பாக்கியையும் தண்ணிக்குள்ள எடுத்துட்டுப் போகட்டும்" என்றார்.

படம் தொடங்க நாள் குறிக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. மூன்று நாட்டுப் பஞ்சாங்கமும் கடுகடுக்காத ஒரே நாளாக நவம்பர் மாதத் திங்கட்கிழமை ஒன்று சிக்கியது. ஹாங்காங் ஜோசியர் நேரத்தையும் குறித்துக் கொடுத்தார்: மதியம் ஒன்று பதினெட்டு. அதைத் தள்ளிப்போட வழியில்லை. கப்பல் தலைவராக நடிக்கும் எழுபத்தெட்டு வயது ஜப்பானிய நடிகர் குசகாபே தெய்ஜி பூசானில் ஆறு நாள்தான் இருப்பார். ஏழாம் நாள் கியோத்தோவில் அவருக்கு நாடகம். அவர் போனால் ஜப்பான் பணம் போகும், ஜப்பான் பணம் போனால் எட்டாவது புகைப்படமும் ஹேரானின் அலுவலகச் சுவரில் ஏறிவிடும். அங்கே ஆணி கூட அடித்துத் தயாராக இருந்தது. அடித்தவர் கிதெக்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை காலை, பூசானின் சொம்யோன் பகுதியில் ஒரு பன்றிச் சூப் கடையில், ஹாங்காங் முதலாளி ஸீத்தோ வின்ஹோங் இரண்டாவது கிண்ணத்தில் சோற்றைக் கொட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஹேரான். ஆறு ஆண்டு ஹாங்காங்கில் வேலை பார்த்தவள் என்பதால் அவரோடு காண்டனீஸிலேயே பேசுவாள். அவளுடைய கைப்பேசியில் படங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. பூஜோன் சந்தைக் கடைக்காரி அனுப்பியவை.

"என்ன அது?" என்று எட்டிப் பார்த்தார் ஸீத்தோ.

மூன்று பன்றித் தலைகள். கொரியாவில் படம் தொடங்கும் பூசையில் சிரிக்கிற பன்றித் தலை வைப்பது வழக்கம். எது நன்றாகச் சிரிக்கிறதோ அதைச் சொன்னால் எடுத்து வைக்கிறேன், சிரிக்கிறதுக்கு விலை கொஞ்சம் கூடுதல் என்று கடைக்காரி எழுதியிருந்தாள்.

"திங்கக்கிழமை பூசைக்கு, முதலாளி. நடுவுல இருக்கறது நல்லா சிரிக்குதுல்ல?"

ஸீத்தோ கரண்டியைக் கீழே வைத்தார். "நான் எந்த ஆண்டுல பிறந்தேன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. ஆனால் அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"சீனக் கணக்குல பன்றி ஆண்டு," என்றார் அவர். "அறுபத்தஞ்சு வருஷமா நான் பன்றி. என் தலையை வெட்டி மேசைமேல வெச்சு, வாயில பணத்தைச் சொருகி, அறுபது பேர் விழுந்து கும்பிடுவாங்க. எனக்குக் காரியம் பண்ற மாதிரி இருக்காதா? என் படத்துக்கெல்லாம் வாத்துதான். வறுத்த வாத்து, ஆரஞ்சு, ஊதுபத்தி. முடிஞ்சது."

"இப்போ சாப்பிடறது பன்றிதானே முதலாளி?"

"சாப்பிடறது வேற. அது எனக்குள்ள போகுது. இது என்னை வெளியில எடுத்து வைக்கிறது." அவர் கரண்டியை மறுபடி எடுத்தார். "பன்றித் தலை வந்தா நான் வரமாட்டேன். கேமராமேல போர்த்தற சிவப்புத் துணியை நான் வந்து எடுக்கலைன்னா கேமரா ஓடாது. ஒப்பந்தத்துல இருக்கு, பாத்துக்கோ."

ஒப்பந்தத்தில் இருந்தது. எழுதியவளே ஹேரான்தான்.

மதியம் யோங்தோ தீவில், படத்துக்காக எடுத்திருந்த பழைய மீன் குளிர்ப்பதனக் கிடங்குக்குப் போனாள். கிதெக் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் இறங்கிவந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளெலும்பைக் காட்டினார். அங்கே ஒரு நீளமான தழும்பு.

"இது என்ன தெரியுமா ஒப்பந்தம்மா?"

"தெரியும் அண்ணே. எல்லாருக்கும் காட்டியிருக்கீங்க."

"ஒரு படத்துல பூசைக்குப் பழம் மட்டும் போதும்னான் தயாரிப்பாளன். ஆப்பிள், பேரிக்கா. மூணாம் நாள் கிரேன் என்மேல. உள்ள இன்னும் இரும்புத் தகடு இருக்கு. விமான நிலையத்துல ஒவ்வொரு தடவையும் மணி அடிச்சு மானம் போகுது." பொத்தானைப் போட்டுக்கொண்டார். "தலை இல்லைன்னா என் பதினாலு பேரும் ஒரு சுவிட்சைத் தொடமாட்டாங்க. வாத்தாம் வாத்து! வாத்து என்னைக்காவது சிரிச்சுப் பாத்திருக்கியா?"

"மாவுல செஞ்ச பன்றி வெக்கறாங்களே இப்போல்லாம்? அரிசி மாவுல?"

"ரோஸ் கலர்ல, குழந்தை பிறந்தநாளுக்கு வைக்கிற மாதிரியா? என் தோளெலும்பைப் பத்தி உனக்கு எவ்வளவு இளக்காரம்!"

இரண்டு மணி நேரம் அவள் கிடங்கு வாசலில் நின்று, போனில் ஸீத்தோவோடும் நேரில் கிதெக்கோடும் பேரம் பேசினாள். ஸீத்தோ ஹாங்காங் ஜோசியருக்குப் போன் போட்டுக் கேட்டார். உயிரோடு இருந்ததாக இருக்கக்கூடாது, வெட்டினதாக இருக்கக்கூடாது, மற்றபடி பொம்மை என்றால் பரவாயில்லை என்றார் ஜோசியர். கிதெக்கும் மெல்ல இறங்கிவந்தார். பொம்மையானாலும் நிஜப் பன்றி அளவு வேண்டும், நோட்டு சொருக வாய் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சிரிக்க வேண்டும்.

"சும்மா உதட்டைக் கோணிக்கிட்டு இருக்கக் கூடாது. பாத்தா நமக்கே சிரிப்பு வரணும்," என்றார்.

அதற்கு ஆள் இருந்தார். கிடங்கின் பின்மூலையில் பிளாஸ்டர் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார் ப்யோன் தொக்சு, நடிகர்களுக்குக் காயம், முதுமை, வெட்டுப்பட்ட கை எல்லாம் செய்பவர். முகங்களோடு பழகிப் பழகி மனிதர்களை அவர் பார்ப்பதே இல்லை. கன்னம், தாடை, மூக்குத் தண்டு என்றுதான் பார்ப்பார். ஒருமுறை சொந்த மைத்துனனைத் தெருவில் அடையாளம் தெரியாமல் கடந்துபோய், வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு ஒரு நல்ல தாடையைப் பாத்தேன்" என்று மனைவியிடம் சொன்னவர்.

"திங்கக்கிழமை காலைக்குள்ள சிலிக்கோன்ல ஒரு பன்றித் தலையா?" என்றார் தொக்சு. "புதுசா களிமண்ல பிடிச்சா நாலு நாள் ஆகும். இருக்கற அச்சுல எதையாவது வெச்சு ஒப்பேத்தறேன்."

"எப்படியோ செய்யுங்க அண்ணே. சிரிக்கணும். அதான் முக்கியம்."

"சிரிக்கிற அச்சு ஒண்ணு இருக்கு," என்றார் தொக்சு. அவள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பூசைக்கான மற்ற ஏற்பாடுகள். சிவப்புப் பயறு தூவி வேகவைத்த அரிசிப் பலகாரம், வெள்ளை நூல்கண்டு சுற்றிய உலர்ந்த மீன், ஒரு பெட்டி மக்கொல்லி என்னும் அரிசிக் கள். ஸீத்தோவுக்காக வறுத்த வாத்தும் ஆரஞ்சும். குசகாபே மாலையில் வந்திறங்கினார். சின்ன உருவம், சாம்பல் நிறக் கோட்டு. யூனிட்டுக்கென்று தன் ஊர் இனிப்பு அறுபது பொட்டலம் கொண்டுவந்திருந்தார். லைட்மேன்கள் உட்பட ஒவ்வொருவருக்கும் தானே இரு கையாலும் கொடுத்தார். ஹேரானுக்குக் கொஞ்சம் ஜப்பானிய மொழி வரும். அவர் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி: "நாளைக்கு நிச்சயம் எடுப்போமா, மியோங் அம்மா? போன வருஷமும் இப்படி ஒரு கூட்டுத் தயாரிப்புக்குப் போனேன். அருமையான விருந்து. படம் மட்டும் இல்ல."

"நாளைக்கு ஒண்ணு பதினெட்டுக்கு கேமரா ஓடும் ஐயா," என்றாள்.

சொன்னபோது அவளுக்கே நம்பிக்கை வந்தது.

திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டே முக்காலுக்குத் தொக்சு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். கண்கள் சிவந்திருந்தன. பெட்டியைப் பிரித்துத் தலையை வெளியே எடுத்தபோது கிதெக்கின் ஆட்கள் "ஓ!" என்றார்கள். மூக்கு அகலமாய், ஈரமாய் மின்னியது. காதுகள் மடங்கித் தொங்கின. புருவத்தில் ஒவ்வொரு மயிராக நட்டிருந்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு! கண்ணோரம் சுருங்கி, கன்னம் மேலேறி, இடது பக்கம் ஒரு பல் கூடுதலாகத் தெரிய, ஏதோ ரகசியமான லாபத்தை நினைத்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

"இதுதான் சிரிப்பு!" என்றார் கிதெக். கிட்டே போனார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இந்த மூஞ்சியை எங்கேயோ பாத்திருக்கேனே."

ஹேரானும் பார்த்தாள். சனிக்கிழமை பன்றிச் சூப் கடையில் எதிரே உட்கார்ந்திருந்த முகம் அது. மூக்கையும் காதையும் மட்டும் மாற்றியிருந்தார்.

"தொக்சு அண்ணே," என்றாள் மெதுவாக. "இந்த அச்சு யாருது?"

"ஹாங்காங் முதலாளியோடது." தொக்சுவுக்கு அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. "தொண்ணூறு வயசுக் கிழவரா ஒரு சீன்ல வரணும்னு கேட்டாரில்ல? மேக்கப்புக்கு முகத்தை அச்செடுத்தோம். அசையாதீங்க, நல்லதா எதையாவது நினைச்சுக்கிட்டு இருங்கன்னு சொன்னேன். எதை நினைச்சாரோ, சிரிச்சிட்டார். முதல் அச்சு வீண். ரெண்டாவதுதான் மேக்கப்புக்கு உதவிச்சு. அந்த வீணான அச்சு கிடந்தது. நீங்க சிரிப்புதான் முக்கியம்னீங்க."

"யாருன்னு தெரியுதே அண்ணே!"

தொக்சு தன் வேலையை முதன்முறையாகத் தூரத்தில் நின்று பார்த்தார். "தெரியுதா?" என்றார், நிஜமான வியப்போடு.

மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. வேறு தலை கிடையாது. தலையில்லாவிட்டால் லைட் இல்லை, தலையைப் பார்த்தால் முதலாளி இல்லை. ஹேரான் சுற்றும் முற்றும் பார்த்தாள். மேசைக்குப் பக்கத்தில் கேமரா, ஹாங்காங் வழக்கப்படி சிவப்புத் துணி போர்த்தி, நல்ல நேரத்துக்குக் காத்து நின்றது. மிச்சத் துணி கீழே கிடந்தது. அதை எடுத்துப் பன்றியின் தலையில் மணப்பெண் முக்காடு மாதிரி இழுத்துவிட்டாள். மூக்கும் வாயும் மட்டும் வெளியே.

"பொண்ணு வெக்கப்படுது," என்றார் கிதெக்.

"அண்ணே, வாயைத் திறந்தீங்கன்னா அந்த மீனை உங்க வாயில வெச்சிடுவேன்."

ஒன்று எட்டுக்கு ஸீத்தோ வந்தார். சிவப்பு டை. எல்லாருக்கும் தலையசைத்தார். வாத்தைப் பார்த்துத் திருப்தியானார். பன்றியின் மூக்கைப் பார்த்து, "பொம்மைதானே?" என்றார்.

"பொம்மைதான் முதலாளி. உயிர் இல்ல, வெட்டு இல்ல."

"நல்லா செஞ்சிருக்காங்க. ஏன் மூடி வெச்சிருக்கு?"

"மரியாதைக்கு. கேமராவுக்கு மாதிரியே."

அங்கேதான் அவள் தவறினாள். அவள் சொன்னதை ஸீத்தோ யோசித்தார், ஒப்புக்கொண்டார். நாற்பது ஆண்டாகப் படத் தொடக்கங்களில் சிவப்புத் துணி எடுத்துப் பழகிய கை அவருடையது. "அப்போ இதையும் நான்தான் எடுக்கணும். மூடி வெச்ச சாமியை யார் கும்பிடுவா?"

"முதலாளி, அதை அப்படியே..."

துணி காற்றில் பறந்தது.

அறுபது பேரும் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ஒப்பனை உதவியாளர் ஒருத்தி திரைக்குப் பின்னால் ஓடினாள். ஸீத்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பன்றி சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்தது. அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே இரண்டு முகத்துக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது.

"ஹேரான்," என்றார். "இது யாரு?"

அவளிடம் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. ஏழு படங்களிலும் இப்படிப்பட்ட இடத்தில் அவள் பொய்தான் சொல்லியிருக்கிறாள், மூன்று மொழியிலும். ஏழும் நின்றுபோயின.

"நீங்கதான் முதலாளி. அச்செடுக்கறப்ப சிரிச்சீங்களே, அந்த அச்சு."

"பல்லுமா?"

அவள் அதைத் தொக்சுவிடம் கொரிய மொழியில் கேட்டாள். அவர் தலையாட்டினார். "பல்லும் உங்களுதுதான்," என்றாள் ஸீத்தோவிடம்.

ஸீத்தோ கைப்பேசியை எடுத்தார். ஹாங்காங் ஜோசியர். ஸ்பீக்கரில் போட்டார்.

"மாஸ்டர், இங்க ஒரு பன்றித் தலை இருக்கு. அது என் தலை."

அந்தப் பக்கம் மாஜோங் சூதாட்டக் காய்கள் உருளும் சத்தம் கேட்டது. "உங்க கழுத்து எங்க இருக்கு?"

ஸீத்தோ டைக்கு மேலே தடவிப் பார்த்தார். "என்கிட்டதான்."

"அப்போ எதையும் வெட்டல. மணி என்ன?"

"ஒண்ணு பன்னெண்டு."

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. அப்புறம் ஒண்ணேகால் வருஷத்துக்கு இப்படி ஒரு நேரம் உங்களுக்கு இல்ல." போன் வைக்கப்பட்டது.

ஸீத்தோ அசையவில்லை. ஜோசியர் ஒத்துக்கொண்டார், மானம் ஒத்துக்கொள்ளவில்லை. ஹேரானுக்கு அது நன்றாகத் தெரிந்தது. வாசல் பக்கம் அவருடைய கார் நின்றது. அவர் பார்வை ஒருமுறை அங்கே போய் வந்தது.

அப்போது கிதெக் முன்னே வந்தார். காண்டனீஸ் தெரியாத மனிதர், என்ன பேச்சு நடக்கிறது என்பது பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. தலை இருக்கிறது, சிரிக்கிறது, நேரம் போகிறது. கள்ளை ஊற்றிவைத்தார். மண்டியிட்டார். நெற்றி தரையில் பட இரண்டு முறை விழுந்து கும்பிட்டார். எழுந்து, ஐம்பதாயிரம் வொன் நோட்டு ஒன்றைச் சுருட்டிப் பன்றியின் வாயில், அந்தக் கூடுதல் பல்லுக்குப் பக்கத்தில் சொருகினார்.

"சிரிக்கிற முகமே," என்று உரக்கச் சொன்னார், "ஒரு பல்பு உடையக் கூடாது, ஒரு கிரேன் சாயக் கூடாது. பாத்துக்க."

ஒரு வாரமாக ஸீத்தோவுக்கு வணக்கம்கூடச் சொல்லாத ஆள் அவர். அவருக்குப் பின்னால் பதினாலு லைட்மேன்களும் ஒரே வரிசையாகச் சேர்ந்து விழுந்தார்கள். அப்புறம் கேமரா ஆட்கள், ஒலிப்பதிவு ஆட்கள், இயக்குநர். நோட்டுகள் வாய் நிறைந்து மூக்குத் துவாரத்துக்கும் போயின. ஒவ்வொரு நெற்றியும் தரையைத் தொடும்போது ஸீத்தோவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

கடைசியில் குசகாபே. கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, நாடக மேடையில் போல நிதானமாகக் குனிந்து, உறையொன்றைப் பன்றியின் முன் வைத்தார். அதன் முகத்தை உற்றுப் பார்த்தார். திரும்பி ஹேரானிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்றார் ஸீத்தோ.

ஹேரான் மொழிபெயர்த்தாள், ஒரு எழுத்தும் மாற்றாமல். "மேசைமேல இருக்கற இவர்கூட நடிக்க பயமா இருக்காம். ஐம்பது வருஷமா தனக்கு வராத ஒண்ணு இவருக்கு வருதாம். இவ்வளவு பேர் பாக்கறப்ப கண்ணே சிமிட்டலையாம்."

ஸீத்தோவின் வாய் ஓரம் இழுத்தது. அந்தக் கூடுதல் பல் வெளியே வந்தது. யாரோ பின்னால் அடக்கமுடியாமல் சிரித்துவிட, கிடங்கு முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

"நாப்பது வருஷம்," என்றார் ஸீத்தோ, அவளிடம் மட்டும். "நாப்பது வருஷமா எல்லார் வாயிலயும் நான்தான் பணத்தைத் திணிச்சிருக்கேன். என் வாயில ஒருத்தன் வெச்சதில்ல. இன்னைக்குத்தான்." பன்றிக்குப் பக்கத்தில் போய் நின்று டையைச் சரிசெய்துகொண்டார். "காது மட்டும் பெருசு. எனக்கு இவ்வளவு காது இல்ல."

"அது பன்றியோடது முதலாளி."

"நீயும் கும்பிடு. நீ இன்னும் கும்பிடல."

அவள் கும்பிட்டாள். யாருக்கு என்று யோசிக்கவில்லை.

ஒன்று பதினெட்டுக்கு ஸீத்தோ கேமராவின் சிவப்புத் துணியை உருவினார். கிதெக் கையைத் தூக்க, பதினாலு பேரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டார்கள். பழைய மீன் கிடங்கு கப்பலின் வயிறாக மாறியது. கிளாப் தட்டப்பட்டது. குசகாபே விளக்கொளிக்குள் நடந்துவந்து, ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, தன் கையையே பார்த்தார். அவ்வளவுதான் காட்சி.

"கட்," என்றார் இயக்குநர். தலையைச் சொறிந்தார். "நல்லா இருக்கு. ஆனா இன்னொண்ணு போகலாம்."

எல்லாரும் முனகினார்கள். ஹேரான் மட்டும் கேபிள் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். ஏழு படங்களில் ஒருமுறைகூட யாரும் 'இன்னொண்ணு' கேட்டதில்லை.

இரண்டாவது டேக் முடிந்ததும் கிதெக் அவளருகே வந்தார். "ஆணியைப் பிடுங்கிடட்டுமா ஒப்பந்தம்மா?"

"வேண்டாம் அண்ணே. போஸ்டர் மாட்டலாம்."

அவர் சிரித்துக்கொண்டே, யூனிட்டின் ராத்திரி விருந்துக்காகப் பன்றியின் வாயிலிருந்து நோட்டுகளை உருவ ஆரம்பித்தார். மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஸீத்தோ துள்ளி எழுந்தார்.

"ஹேரான், அந்த ஆள்கிட்ட சொல்லு," என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினார், "மெதுவா எடுக்கச் சொல்லு! எனக்கு இடது பக்கப் பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டிருக்கு!"